சில்லறைப் பொட்டலத்துக்குக் கவர் வேண்டாம்: எந்தச் சரக்குக்கு எதைப் பயன்படுத்துவது?

நல்லம்பள்ளி_மளிகை
வணக்கம். சின்ன மளிகைக் கடைக்கான கேள்வி. கேரி பேக்கை நிறுத்துவது ஓரளவு முடிந்துவிட்டது. பை கொண்டுவரச் சொன்னால் பாதிப் பேர் கொண்டுவருகிறார்கள். சிக்கல் உள்ளே போகிற வெள்ளைக் கவர்தான். கால் கிலோ பருப்புக்கு ஒன்று, நூறு கிராம் கடுகுக்கு ஒன்று, வெல்லத்துக்கு ஒன்று, புளிக்கு ஒன்று என்று ஒரே ஆள் வாங்கும் சாமானில் பத்துக் கவர் போகிறது. பேப்பர் பொட்டலத்துக்கு மாறினால் மாவு சிந்துகிறது, வெல்லம் ஒட்டுகிறது. துவரம்பருப்பு, கடுகு, உருண்டை வெல்லம், புளி, ராகி மாவு, தோசை மாவு, எண்ணெய் ஆகியவற்றுக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_பழைய_கடை
கவருக்குப் பதிலாக ஒரே ஒரு பொருளைத் தேடினால் கிடைக்காது. சரக்கை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்க: உலர்ந்த மணி, நைஸ் மாவு, கசியும் பொருள், ஈரப் பொருள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. இப்போதைக்கு உலர்ந்த மணியை மட்டும் சொல்கிறேன். பருப்பு, கடுகு, சீரகம், அவரைக்கொட்டை, பச்சைப்பயறு, சாமை எல்லாம் இதில் அடங்கும். கடையில் போகும் பொட்டலத்தில் பெரும்பங்கு இதுதான்.

அச்சடிக்காத பழுப்புத் தாள் வாங்குங்க, 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 60 கிராம்). பழைய செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை பண்டத்தில் ஏறும். 2018-இல் வந்த உணவுப் பொட்டல விதிமுறையே செய்தித்தாளில் உணவுப் பொருளைச் சுற்றக் கூடாது என்கிறது. சோப்பு, தீப்பெட்டி, ஊதுபத்திக்குச் செய்தித்தாள் போதும்.

மூன்று அளவில் வெட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வையுங்க. 100 கிராமுக்கு 20×25 செ.மீ., கால் கிலோவுக்கு 25×30, அரைக் கிலோவுக்கு 30×40. தாளின் எடை முறையே 3 கிராம், 4.5 கிராம், 7.2 கிராம். பெரிய அளவில் கிலோவுக்கு 138 தாள் வரும். கிலோ தாள் 80 ரூபாய் என்று வைத்தால் அரைக் கிலோப் பொட்டலத்துக்கு 58 பைசா, 100 கிராம் பொட்டலத்துக்கு 24 பைசா. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்க. ஒரு கிலோ சரக்குக்குப் பொட்டலம் சரிப்படாது. 80 ஜிஎஸ்எம் தாளில் ஒட்டிய பை வேண்டும், இல்லையென்றால் வாங்க வருபவரின் துணிப்பை.

கூம்பு கட்டும்போது அதிகம் தவறுவது முனையில்தான். தாளைச் சுருட்டியதும் கீழ்முனையை ஒரு தடவை மடித்து விட்டுவிடுகிறார்கள். கடுகும் கசகசாவும் அந்தத் துளை வழியாக ஒழுகும். முனையை இரண்டு தடவை, எதிரெதிர்ப் பக்கமாக மடித்துவிட்டுத்தான் சரக்கைப் போட வேண்டும். மேலே முக்கால் பங்கு வரை நிரப்பி, மீதியை மூன்று மடிப்பாக உள்ளே தள்ளுங்க. விளிம்பு வரை நிரப்பினால் மடிக்க இடமில்லாமல் நூல்தான் பாரத்தைத் தாங்கும், தாள் கிழியும்.

நூல்கண்டை ஒரு தகர டப்பாவில் போட்டு, அடியில் ஆணித் துளையிட்டுத் தலைக்கு மேலே தொங்கவிடுங்க. நெட்டுக்கு ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. அறுக்கக் கத்தி வேண்டாம். மிச்ச நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டு, முடிச்சை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திச் சுண்டினால் அறுந்துவிடும். கை பழக ஒரு வாரம் பிடிக்கும். பழகிய கைக்குக் கவரை ஊதித் திறந்து முடிச்சுப் போடுவதை விட இது வேகம்.

ஸ்டேப்ளர் மட்டும் அடிக்காதீங்க. பிரிக்கும்போது ஸ்டேப்ளர் கம்பி பருப்புக்குள் விழும், அரிசியோடு சேர்ந்து உலைக்குப் போகும்.

எடைக்கல்
காவேரிப்பட்டணத்து அண்ணன் தாள் எடையைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். வெள்ளைக் கவருக்கு எடை அரை கிராம், ஒரு கிராம் என்று யாரும் கண்டுகொள்வதில்லை. தாளுக்கு மாறினால் அப்படி விட முடியாது. 50 கிராம் ஏலக்காயை 3 கிராம் தாளோடு சேர்த்து நிறுத்தால், வாங்குபவருக்கு நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. அது எடைக் குறைவுதான், புகார் வந்தால் பதில் சொல்ல முடியாது.

தாளைத் தட்டில் வைத்து, அதன் எடையைக் கழிக்கும் டேர் பொத்தானை அழுத்தி, 0 வந்த பிறகு சரக்கைப் போடுங்க. பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கும் இதேதான். மூன்று இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, பாத்திரத்தை எடுத்த பிறகு தராசு கழித்தல் குறியில் நிற்கும். மறுபடி டேர் அழுத்தாமல் அடுத்தவருக்கு நிறுத்தால் கடைக்கு நஷ்டம். இரண்டு, கழுவிய ஈரத்தோடு பாத்திரம் வரும். துடைக்கச் சொல்லிவிட்டு வையுங்க, ஈரம் பருப்பையும் கெடுக்கும். மூன்று, 10 கிலோ தராசில் 2 கிலோ எவர்சில்வர் அடுக்கை வைத்தால் மிச்சம் 8 கிலோதான் நிறுக்கும். டேர் போட்டதால் தராசின் தாங்கும் அளவு கூடாது.

இன்னொன்று. ஓய்வு நேரத்தில் அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டி அடுக்கி வைப்பது வசதி. ஆனால் வாங்குபவர் முன்னால் நிறுக்காமல் முன்கூட்டியே கட்டி வைத்தால் அது பொட்டலப் பொருள் கணக்கில் வந்துவிடும். பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதம், வருடம், விலை, கட்டியவர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள் அவை. அதனால் தாளை மட்டும் முன்பே வெட்டி, கூம்பாகச் சுருட்டி அடுக்கி வையுங்க. சரக்கை ஆள் முன்னால் போடுங்க. மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு தடவை முத்திரை போட வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்க.

ஓசூர்_பேக்கரி_லைன்
இவ்வளவு பாடு எதற்கு? துணி மாதிரி இருக்கிற பை மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, கழுவவும் கழுவலாம். இல்லையென்றால் மக்கும் கவர் என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கு மாறினால் போதுமே?

காவேரிப்பட்டணம்_பழைய_கடை
அந்தத் ‘துணி மாதிரி’ப் பை துணி இல்லைங்க, பாலிப்ரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் 14 பொருளில் அதுவும் ஒன்று. கேரி பேக் எந்தக் கனமாக இருந்தாலும் இங்கே தடைதான். 120 மைக்ரான் கனத்துக்குக் குறைந்த கேரி பேக்குக்குத்தான் தடை என்ற மத்திய அரசின் கணக்கைக் காட்டி ‘இது கனமான கவர், செல்லும்’ என்று விற்பவர்கள் உண்டு. நம்ம மாநிலத்தில் அது எடுபடாது. பிளாஸ்டிக் பூசிய தாள் பை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, உணவு சுற்றும் ஷீட், தண்ணீர் பாக்கெட் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

சந்தேகம் வந்தால் இரண்டு சோதனை. பையின் ஓரத்தில் தையல் இல்லாத ஒரு சின்னத் துண்டை நறுக்கித் தீக்குச்சி காட்டுங்க. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாகும். மற்றது சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். தாள் பைக்கு: ஒரு துண்டைக் கிழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நகத்தால் சுரண்டுங்க. காகிதம் கூழாகி, மெல்லிய தோல் தனியாக உரிந்து வந்தால் பூச்சு இருக்கிறது.

மக்கும் கவர் என்று விற்பதில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான். உண்மையானதற்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரம் உண்டு, தயாரிப்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். வெயிலில் தானாகப் பொடியாகிற கவர் மக்கவில்லை, சின்னத் துண்டாகி மண்ணில் கிடக்கிறது. ஆடு மாடு மேய்கிற ஊரில் அது இன்னும் மோசம்.

பழைய ஸ்டாக் இருந்தால் ஊராட்சி, பேரூராட்சியில் ஒப்படைத்துவிடுங்க. விற்றால் மட்டுமில்லை, கடையில் இருப்பு வைத்தாலும் குற்றம்தான்.

பாலக்கோடு_வாணி
கசியும் பொருளுக்கு நான் சொல்கிறேன்.

வெல்லம் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அப்போது எந்தத் தாளும் ஒட்டிக்கொண்டு உரியும். வாழைச்சருகுதான் அதற்குச் சரி. மரத்திலேயே காய்ந்த இலையாக, கறுப்புப் புள்ளி இல்லாததாகப் பார்த்து எடுங்க. நடுத்தண்டை நீக்கி, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் விடுங்க. காய்ந்தபடியே மடித்தால் நொறுங்கும், அந்த லேசான ஈரம் இருந்தால் வளையும். வெல்லத்தைச் சருகில் சுற்றி, அதற்கு மேல் தாள் சுற்றி நூல் கட்டுங்க. கோடையில் வெறும் தாள் போதும்.

புளி வேறு மாதிரி. அதில் புளிப்பும் இருக்கிறது, பதப்படுத்த உப்பும் போட்டிருப்பார்கள், உப்பு ஈரத்தை இழுக்கும். தாளில் நேராக வைத்தால் இரண்டே நாளில் தாள் ஊறி நார் நாராகப் புளியோடு சேர்ந்துவிடும். மந்தாரைத் தையல் இலை ஒன்று, இல்லையென்றால் சருகு இரண்டு அடுக்கு, மேலே தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் புதுப் புளி வரும் மாசி, பங்குனியில் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று வருடத்துக்குச் சேர்த்து வாங்குவார்கள். அப்போதே ‘ஜாடியோ பானையோ கொண்டுவாங்க’ என்று பலகை எழுதி வைத்தால் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்கக் கவர் மிச்சம்.

தோசை மாவுக்குப் பாத்திரம் தவிர வேறு வழி கிடையாது, சுற்றி வளைத்துப் பேசிப் பயனில்லை. ஒரு கிலோ மாவுக்கு ஒன்றரை லிட்டர் பாத்திரம் வேண்டும். புளிக்கும்போது பொங்கும், கழுத்து வரை ஊற்றி மூடியை இறுக்கினால் வழியில் வழியும். மூடியை வைத்து அரைத் திருகு மட்டும் திருகச் சொல்லுங்க. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளித்த மாவுக்கு ஆகாது, எவர்சில்வர்தான். மறந்து வருபவர்களுக்காகக் கடையில் பத்து எவர்சில்வர் டப்பா வைத்து, முன்பணம் வாங்கிக் கொடுங்க. டப்பா விலைக்குக் குறையாமல் முன்பணம் இருக்க வேண்டும். குறைவாக வாங்கினால் டப்பா திரும்ப வராது. ஒவ்வொன்றின் அடியிலும் வரிசை எண்ணையும் காலி எடையையும் பொறித்துவிட்டால், அவசரத்தில் டேர் போட மறந்தாலும் கழித்துக்கொள்ளலாம்.

கீரைக்குக் கவரே தேவையில்லை, வாழைநாரில் கட்டினால் ஆயிற்று. தக்காளியைத் துணிப்பையில் கடைசியாகப் போடுங்க.

நல்லம்பள்ளி_மளிகை
வாணி அக்கா, ராகி மாவை விட்டுட்டீங்க. அதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

பாலக்கோடு_வாணி
மன்னிக்கணும். மில்லில் இருந்து வந்த சூட்டோடு கட்டுவதால்தான் பாதித் தொந்தரவு. சூடான மாவு உள்ளே வியர்க்கும், தாள் நனையும், இரண்டு வாரத்தில் கட்டி தட்டி வண்டு விழும். அகலத் தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, கையை உள்ளே விட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்ட பிறகு கட்டுங்க. சிந்துவதற்குக் காரணம் ஒற்றைத் தாள் மடிப்பு. பொட்டலம் வேண்டாம், ஒட்டுப்பை செய்யுங்க. அடிப்பகுதியில் ஒரு செ.மீ. மேலேறி ஒட்டும்படி மடிப்பு இருக்க வேண்டும், வாயை இரண்டு தடவை மடித்து நூல் கட்ட வேண்டும். முழு ராகியாக வாங்கி, தூக்கிலோ டின்னிலோ மில்லுக்குக் கொண்டுபோய் அரைக்கிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் போகிறவர்களுக்கு ராகியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் கதை முடிந்தது.

ஒட்டுப்பைக்குப் பசை: 100 கிராம் மைதாவுக்கு 500 மி.லி. தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மிதமான தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்ட வேண்டும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். உணவுப் பைக்குப் போடவே கூடாது. அன்றாடத் தேவைக்கு மட்டும் பசை கிண்டி, மெல்லிசாகத் தடவி, பையை விரித்து ஒரு நாள் வெயிலில் காயவைத்து அடுக்கினால் பூஞ்சணமும் வராது, கரப்பானும் வராது. அரைகுறையாகக் காய்ந்ததை அடுக்கினால் கட்டு முழுக்கப் போய்விடும்.

அரூர்_தையல்
துணிப்பை பற்றி யாரும் அளவு சொல்லவில்லை. 2021 டிசம்பர் 23-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்து பை விற்பவர்கள் நிறைய. ஆனால் பாதிப் பை இரண்டாம் மாதமே காதறுந்து போகிறது. நீங்களே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தால் மலிவும் ஆகும், உழைக்கவும் செய்யும்.

45 அங்குல அகலக் காடாத் துணி எடுங்க. 14 அங்குல அகலம், 16 அங்குல உயரப் பைக்கு ஒரு துண்டு 15×35 அங்குலம். அடியில் தையல் வராமல் மடிப்பு வரும்படி வெட்ட வேண்டும், பாரம் முழுக்க அடியில்தான் விழும். அகலத்தில் சரியாக மூன்று துண்டு வரும், கழிவே இல்லை. 10 மீட்டரில், காதுக்குத் தனியாக நாடா வைத்துத் தைத்தால் 33 பை. அதே துணியில் காதும் வெட்டினால் (18×3 அங்குலம், ஒரு பைக்கு இரண்டு) 27 பை. நாடா என்றால் ஒரு பைக்கு 36 அங்குலம் கணக்கு வையுங்க.

காது அறுவதற்குக் காரணம், வாய் மடிப்புக்கு மேலே ஒரே ஒரு கோடு தைத்து விடுவது. காதின் நுனியை வாய் மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம் இறக்கி, சதுரமாகச் சுற்றித் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட வேண்டும். தைக்கிறவரிடம் முதலிலேயே இதைச் சொல்லி ஒரு மாதிரிப் பை வாங்கி, ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்க.

காடாத் துணியில் கஞ்சி ஏறியிருக்கும், முதல் துவைப்பில் சுருங்கும். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் அளவு நிற்கும்; மேலே சொன்ன 45 அங்குலமும் 10 மீட்டரும் அப்படிச் சுருங்கிய பிறகு இருக்க வேண்டிய அளவு. மஞ்சள் சாயம் போட்டதென்றால் ஈர வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேயுங்க. நிறம் இறங்கினால் அந்தத் துணியில் அரிசியும் மாவும் போடாதீங்க.

நல்லம்பள்ளி_மளிகை
அருமைங்க. எண்ணெய்? பாட்டில் கொண்டுவந்தால் ஊற்றித் தரலாம் என்று யோசிக்கிறேன்.

எடைக்கல்
வேண்டாம். சமையல் எண்ணெயைச் சீலிட்ட பாக்கெட், பாட்டில், டின்னில்தான் விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூளும் அப்படித்தான், முன்பே பாக்கெட் செய்து வந்ததைத்தான் விற்கலாம். ஆகவே மசாலாவில் முழு மிளகாய், மல்லி, விரலி மஞ்சள் ஆகியவற்றைத்தான் தாளில் கட்ட முடியும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பழைய பாட்டிலின் அடியில் தங்கிய எண்ணெய் காறிப்போய் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

எண்ணெயில் செய்ய முடிவது, சின்னப் பாக்கெட்டைக் குறைப்பது. 5 லிட்டர் கேன் ஒன்று 200 மி.லி. பாக்கெட் 25-ஐத் தடுக்கும். அந்தக் கேனும் பிளாஸ்டிக்தான். ஆனால் அதைக் குப்பையில் பார்க்க மாட்டீர்கள். வீட்டில் தண்ணீருக்கு வைப்பார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். எண்ணெய் ஒட்டிய பாக்கெட்டை யாரும் எடுப்பதில்லை.

காரிமங்கலம்_மொத்தம்
கடைக்குள் வருகிற பிளாஸ்டிக்கையும் பாருங்க. அரிசி, பருப்பு வரும் பிளாஸ்டிக் சாக்கை அடியில் கிழிக்காமல் தையல் நூலைப் பிரித்துத் திறங்க. சங்கிலித் தையல் அது; சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வரும், தவறான முனையை இழுத்தால் முடிச்சாகும். முழுச் சாக்கைப் புளி, ராகி, மாட்டுத் தீவனம் கட்டுபவர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள். கிழிந்த சாக்குக்கு மதிப்பில்லை.

பால் பாக்கெட் மூலையை முழுசாக நறுக்கி எடுக்காமல், ஒட்டிக்கொண்டே இருக்கும்படி பாதி வெட்டச் சொல்லுங்க. தனியாகப் போகிற அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. பாக்கெட்டை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய இரும்புக் கடையில் எடுப்பார்கள். பிஸ்கட், சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்குப் போகாது. அதைப் பால் பாக்கெட்டோடு கலந்து போட்டால் மொத்த மூட்டையையும் திருப்பிவிடுவார்கள்.

பை இல்லாமல் பஸ் இறங்கி வருபவர்களுக்கு சோப்பு, பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியைக் கொடுங்க. அடியில் டேப் தளர்ந்திருக்கும். அடி மடிப்பை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, கயிறு இரண்டு சுற்றுப் போட்டால் பத்துக் கிலோ தாங்கும்.

ஓசூர்_பேக்கரி_லைன்
முதலில் ‘இவ்வளவு பாடு எதற்கு’ என்று கேட்டது நான்தான். தீக்குச்சி வைத்துப் பார்த்தேன், அந்தப் பை உருகி மணியாகத்தான் நின்றது. விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம்: எங்கள் பக்கம் குளிரும் ஈரமும் அதிகம். தாள் கட்டு தளர்ந்து நெளிந்துவிடுகிறது, கூம்பு நிற்கவில்லை.

காவேரிப்பட்டணம்_பழைய_கடை
தாளைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீங்க. தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, மேலே ஒரு பலகைப் பாரம் வைத்து அடுக்குங்க. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கல்லாவுக்கு எடுங்க. மழை மாதங்களில் அரைக் கிலோ அளவுக்கு 60-க்குப் பதில் 80 ஜிஎஸ்எம் போடுங்க. ஒரு தாள் 9.6 கிராம் வரும், டேர் அதற்குத் தகுந்த மாதிரி போட மறக்காதீங்க.